யூதன் வேஷம்

1

ராயப்பேட்டையில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் என் சிநேகிதருக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் சீமைக்கு வந்த நாளிலிருந்து அவ்வப்போது ஏதாவது ஒரு கேள்வியை எழுதி அனுப்புவார். நான் எழுதும் பதிலைத் தன் பத்திரிகையில் போட்டுவிடுவார். பனி எப்படி விழும், தரைக்கடியில் ரயில் எப்படி ஓடும், வெள்ளைக்காரன் தன் வீட்டில் தானே செருப்புத் துடைப்பானா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், இந்த முறை இப்படிக் கேட்டிருக்கிறார்:

“ஜெர்மனியில் யூதர்களை ஓட ஓட விரட்டுகிறார்களாமே. அவர்கள் அப்படி என்னதான் செய்தார்கள்? இத்தனை ஜனம் வெறுக்கிறது என்றால் ஏதோ செய்துதானே இருக்க வேண்டும்? நம் வாசகர்களுக்கு விளங்கும்படி எழுது.”

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல மனிதர், கள்ளம் கபடம் இல்லாதவர், கேள்வியும் கள்ளம் கபடம் இல்லாத கேள்விதான். அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. பதில் எழுதவில்லை. மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் ரோசி அதை வெளியே எடுக்க வைத்துவிட்டாள்.

நான் வேலை பார்ப்பது லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு தையல் கடையில். முதலாளி ஐசக் ஒரு யூதர். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், கடை மூடிவிடும். அதற்குப் பதில் ஞாயிறு திறந்திருக்கும். விடிகாலைப் பூசை பார்த்துவிட்டு நான் நேரே கடைக்குப் போய்விடுவேன். ரோசி தன் அம்மாவோடு பெரிய பூசைக்குப் போய்விட்டு, மத்தியானம் என் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வருவாள். ஐசக்கின் மனைவி அவளுக்கு எள்ளு மிட்டாய் கொடுப்பாள். மூன்று வருஷமாக நடக்கிற காரியம்.

அந்த ஞாயிறு தூக்கும் வரவில்லை, பெண்ணும் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் தன் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டே இங்கிலீஷில் சொன்னாள்: “அந்தக் கடைக்கு இனிமேல் வர மாட்டேன், நைனா. அவங்கதான் ஆண்டவரைக் கொன்னவங்க. பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் தெரியும்.”

அவளிடம் மிஞ்சியிருக்கிற தமிழ் அந்த ‘நைனா’ ஒன்றுதான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டு, வழியில் பார்த்தால் “மிஸ்டர் நைனா” என்கிறார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் அவள் இதையும் சொன்னாள். அவளுக்குத் தெரியாது, என் நைனாவும் ஒரு யூதன் என்று.

2

என் நைனா சவேரிமுத்து பழவேற்காட்டுக்காரர். அம்மாவைக் கட்டிக்கொண்டு எங்கள் குப்பத்துக்கு வந்தவர். மயிலாப்பூருக்குக் கிழக்கே கடலோரமாகத் தெற்கே நடந்தால், அடையாறு கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் குப்பம். எல்லாம் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஆண்கள் கட்டுமரம் ஏறுவார்கள். பெண்கள் கூடை சுமந்து ராயப்பேட்டைக்கும் அதற்கு அப்பாலும் மீன் விற்கப் போவார்கள். மயிலாப்பூர் மாட வீதிகள் வழியாகப் போனால் பாதி தூரம் மிச்சம். ஆனால் மீன் கூடை அந்த வீதிக்குள் நுழையக் கூடாது. சுற்றித்தான் போவார்கள். அம்மா அதைப் பற்றி ஒருநாளும் குறைபட்டுக்கொண்டது கிடையாது. வெயில் என்றால் வெயில், மழை என்றால் மழை, வீதி என்றால் சுற்று.

நைனா எத்தனை வருஷம் இருந்தும் குப்பத்தில் அவர் பெயர் ‘பழவேற்காட்டான்’தான். பிறந்த ஊரில் ஏரியில் மீன் பிடித்த மனிதர். அலைக் கடல் அவருக்குப் பழக்கமில்லை. யாரும் அவரை வலையில் பங்காளியாகச் சேர்க்கவில்லை. அப்புறம் ஒருநாள் நாட்டார் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். நாட்டார் என்றால் குப்பத்துத் தலைவர். அவரும் நாலு பெரியவர்களும் வைத்ததுதான் எங்களுக்குச் சட்டம்.

வேலை இதுதான். மரம் கரைக்கு வந்ததும், பிடித்த மீனில் ஒரு பங்கு எங்கள் சின்னக் கோயிலுக்குச் சேர வேண்டும். நைனா கூடையோடு மணலில் நின்று அதை வாங்க வேண்டும். மீனாகத் தராதவர்கள் காசாகத் தருவார்கள். அதற்கு இடுப்பில் ஒரு சுருக்குப் பை.

“இன்னாத்துக்கு உன்னைப் போட்டேன் தெரியுமா? உனக்கு இங்க மாமன் மச்சான் எவனும் இல்ல. மூஞ்சி பார்த்து வுட மாட்ட” என்றாராம் நாட்டார். நைனா இதைப் பெரிய கௌரவமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்.

சில வருஷம் கழித்து இரண்டாவது கௌரவமும் வந்தது.

நாற்பது நாள் நோன்பிருக்கும் தபசு காலத்தின் கடைசியில், ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட பெரிய வெள்ளியன்று எங்கள் குப்பத்தில் பாஸ்கு நடக்கும். ஆண்டவருடைய பாடுகளை நடித்துக் காட்டுகிற நாடகம். பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாஸ்கில் ஆண்டவர் மரச் சுரூபம். மாதாவும் மரச் சுரூபம். அந்த இடத்தில் நிற்க மனுஷனுக்குத் தகுதி கிடையாது என்பது எங்கள் பெரியவர்களின் நியாயம். யூதர்கள் மட்டும் உயிருள்ள ஆட்கள். அதற்கு யாருக்கு வேண்டுமானாலும் தகுதி உண்டு, ஆனால் யாரும் வர மாட்டார்கள். சாட்டை எடுத்து ஆண்டவரை அடிக்கிற தலைமை யூதன் வேஷத்தைக் கட்டினவன் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

“யூதன் கட்டற காசுப் பையி உன் இடுப்புலயே கீது. தாடி மட்டும் கட்டினா போதும். நீதான்யா யூதன்” என்றார் நாட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். மாட்டேன் என்று சொல்லும் இடத்தில் அவர் இல்லை.

தேங்காய் நாரில் ஒரு தாடி. சாக்குத் துணியில் கணுக்கால் வரை தொங்கும் அங்கி. கையில் கயிற்றுச் சாட்டை. அடி விழ விழப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். நாடகம் முடிந்ததும் யூதன் வேஷம் கட்டினவர்கள் வேஷத்தோடேயே ஓடிப்போய்க் கடலில் முழுக வேண்டும். ஜனங்கள் அலையோரம் வரிசையாக நின்று “கழுவியாச்சா?” என்று கேட்பார்கள். கடலுக்குள்ளிருந்து “கழுவியாச்சு!” என்று சத்தம் வரும். வரிசை வழிவிடும். பாதிரியாருக்குப் பதிலாகக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் தீர்த்தம் தெளிப்பார். அதற்கப்புறம்தான் அவன் யூதன் இல்லை, நம் ஆள்.

நைனாவுக்கு மட்டும் அது சரியாகக் கழுவப்படவே இல்லை. வருஷத்தில் ஒருநாள் வேஷம். மற்ற நாளெல்லாம் கூடையும் பையுமாக அதே ஆள் மணலில் நிற்கிறார் அல்லவா? எங்கள் குடிசை ‘யூதன் வூடு’ ஆயிற்று. நான் ‘யூதன் புள்ள’. ரொம்ப நாள் வரை, ரெட்டியார் நாயுடு மாதிரி, யூதன் என்பதும் சென்னப்பட்டணத்தில் ஒரு சாதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையான யூதன் ஒருவனையும் குப்பத்தில் எவரும் கண்ணால் கண்டது கிடையாது. ஆனால் அவனை எப்படி வெறுக்க வேண்டும் என்று எங்கள் எல்லாருக்கும் பால்குடி மறக்கும் முன்பே தெரியும்.

3

சீமையில் ஒரு மனிதன் யார் என்று முடிவு செய்வது அவன் இல்லை, போலீஸ் ஆபீஸ் குமாஸ்தா. கப்பல் சமையல்காரனுக்கு எடுபிடியாக வந்து, ஓர் ஐரிஷ்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட நான், என் பெயரைப் பதியப் போனேன். “எந்த ஊர்?” “மதராஸ்.” “அது எங்கே இருக்கிறது?” நான் இங்கிலீஷில் விளக்கினேன். எனக்கே விளங்காத இங்கிலீஷ். கடைசியில் அவர் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘அராபியன்’ என்று எழுதி முத்திரை குத்தினார். இன்று வரைக்கும் காகிதத்தில் நான் அராபியன்தான். அதை மாற்ற நான் நடந்த நடையில் பழவேற்காடே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அந்த இங்கிலீஷோடுதான் ஐசக்கிடம் வேலை கேட்டுப் போனேன். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுவார். போலந்து தேசத்திலிருந்து சிறுவயதில் ஓடி வந்தவர். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலத்தான். “அப்பா என்ன?” என்று கேட்டார். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். ‘யூதனாக வேஷம் கட்டுகிறவர்’ என்பதற்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஏன் அதைச் சொல்லத் தோன்றிற்று என்று இன்றும் தெரியாது. “என் அப்பா யூதன்” என்று சொல்லிவிட்டேன்.

ஐசக் எழுந்து நின்றுவிட்டார். “கொச்சியா?” என்றார். கொச்சியில் யூதர்கள் இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருக்கிறார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மனைவியைக் கூப்பிட்டார். தேநீர் வந்தது, பன் வந்தது, வேலையும் கிடைத்தது. நான் எதுவும் புரியாமல் சாப்பிட்டேன்.

இரண்டொரு நாளில், குனிந்து துணிக்கு இஸ்திரிப் பெட்டி போடும்போது என் கழுத்துச் சிலுவை வெளியே தொங்கிற்று. அவர் பார்த்துவிட்டார். அப்புறம் நான் மேசை மேல் கிடந்த பஞ்சை எடுத்து மோவாயில் வைத்துக் காட்டி, கயிற்றைச் சுழற்றிக் காட்டி, நைனாவின் வேஷத்தை முழுவதும் நடித்து விளக்க வேண்டியதாயிற்று. ஐசக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்துவிட்டுக் கேட்டார்: “மற்ற நாளெல்லாம் அவருக்கு என்ன வேலை?”

பங்கு வசூலிக்கிற வேலை என்றேன். கோயிலுக்காக. உள்ளூரான் இல்லை என்பதற்காக.

ஐசக்கின் சிரிப்பு நின்றுபோயிற்று. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

அவருடைய தாத்தாவுக்கும் அதே வேலையாம். போலந்தில் யூதன் நிலம் வாங்க முடியாது, அரசாங்க உத்தியோகம் கிடையாது. ஜமீன்தார் தன் சாராயக் கடையையும் சுங்கச் சாவடியையும் அவரிடம் குத்தகைக்குக் கொடுத்தார். குடியானவர்களிடம் வசூல் செய்து ஜமீன்தாருக்குக் கட்ட வேண்டும். “ஜமீன்தாரின் கை அழுக்காகக் கூடாது. அதற்காக எங்கள் தாத்தாவின் கை” என்றார் ஐசக். “விளைச்சல் கெட்ட வருஷம் ஜனங்கள் தடியை எடுத்தார்கள். ஜமீன்தாரின் மாளிகை தூரத்தில் இருந்தது, அங்கே நாய்களும் துப்பாக்கிகளும் இருந்தன. தாத்தாவின் வீடு பக்கத்திலேயே இருந்தது. அன்றைக்கு அவர்களுக்கு ஈஸ்டர் பண்டிகை வேறு. காலையில் கோயிலில் தங்கள் ஆண்டவரை யூதர்கள் கொன்ற கதையைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள்.”

கத்தரிக்கோலை மறுபடி எடுத்துக்கொண்டார். எனக்கு மிச்சக் கதை தெரியும்.

4

அந்த வருஷம் எங்கள் கடலில் மீன்பாடு இல்லை. மார்கழியில் அடித்த புயலில் குப்பத்துக் கட்டுமரங்களில் பாதி போயிற்று. அதற்கப்புறம் கடல் என்னவோ மனத்தில் வைத்துக்கொண்டதைப் போல ஒன்றுமே தரவில்லை. காலையில் போனவர்கள் மத்தியானம் ஒரு கூடை காரப்பொடி மீனோடு திரும்புவார்கள். பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை. எங்கள் பக்கத்துக் குடிசையில் வாந்திபேதி வந்து ஒரு குழந்தை போயிற்று.

கோயிலுக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆகவே பங்கு குறையவில்லை. நைனா நாட்டார் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினார். என்னையும் கூட்டிப் போயிருந்தார். அப்போது எனக்கு மீசை அரும்புகிற வயது.

“இந்த மாசம் வேணாம் நாட்டாரே. கேக்கவே வாய் வரல. பொம்பளைங்க அய்வுறாளுங்க.”

“உன்னை யாரு யோசன கேட்டது? கோயில் பங்கு கோயில் பங்குதான். வசூல் பண்ணிக்கினு வா.”

“அப்ப நீங்களே வந்து ஒரு வார்த்த சொல்லிடுங்க, இது என் இஷ்டம் இல்லன்னு.”

“நான் வந்து சொல்றதுக்கு உன்னை இன்னாத்துக்கு வெச்சிக்கீறேன்?”

நைனா மறுநாளும் கூடையோடு மணலில் நின்றார். குழந்தையைப் பறிகொடுத்த அந்தப் பெண், பெயர் வேண்டாம், தன் கூடையிலிருந்து ஒரு கை நெத்திலியை அள்ளி அவர் முகத்தில் எறிந்தாள். “துன்னுடா யூதா! என் புள்ளைய துன்ன, இத்தையும் துன்னு!” என்றாள். நாட்டாரின் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அந்தப் பக்கம் அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. அம்மா “இந்த வாட்டி கட்டாத, ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு” என்றாள். நைனா தாடியைக் கட்டிக்கொண்டே, “ஆண்டவர் வேலடி. ஒரு நாள் கூத்து” என்றார்.

அன்று சாட்டை விழுந்தபோது யாரும் அழவில்லை. எனக்கு அதுதான் முதலில் பயமாக இருந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொள்ளாமல் நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ மணலை வாரி எறிந்தார்கள். அப்புறம் ஒரு கல். நைனா சாட்டையைக் கீழே போட்டுவிட்டு, நாடகம் முடிகிற முன்பே கடலைப் பார்த்து ஓடினார். வேஷம் கட்டிய மற்ற மூன்று பையன்களும் ஓடினார்கள். அவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள். முழுகி எழுந்து “கழுவியாச்சு!” என்றதும் வரிசை தோளில் தட்டி வழிவிட்டது. தீர்த்தம் வாங்கிக்கொண்டு தாடியைப் பிய்த்தபடி போனார்கள்.

நைனா முழுகி எழுந்தார். “கழுவியாச்சா?” என்றது வரிசை.

“கழுவியாச்சு!”

“இல்ல!” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்துவிட்டு மறுபடி முழுகினார்.

“கழுவியாச்சு!”

“இன்னும் உள்ள போ! பையி கறை போவல!”

இன்னும் உள்ளே போனார். இப்போது சிரிப்பு இல்லை, கரையிலும் இல்லை, அவரிடமும் இல்லை. நாட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். உபதேசியார் தீர்த்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நான் தண்ணீருக்குள் இறங்கப் போனேன். என் தாய்மாமன் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டு, “சும்மா நில்லு. வெளையாட்டுதான, வந்துடுவான்” என்றார். பிடியை விடவில்லை.

சாக்குத் துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். நார்த் தாடியும் அப்படித்தான். ஏரியில் பழகியவருக்கு அலைக்கு அப்பால் இழுக்கிற நீரோட்டம் தெரியாது. “கழுவியாச்சு” என்று அவர் கத்துவது கொஞ்ச நேரம் கேட்டது. அம்மா ஒவ்வொருவர் காலிலும் விழுந்துகொண்டிருந்தாள். அப்புறம் சத்தம் கேட்கவில்லை. வரிசையில் இருந்த ஆண்கள் அப்போதுதான், திடீரென்று தூக்கம் கலைந்தவர்களைப் போல, மரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கெட்டவர்கள் இல்லை அவர்கள். அடுத்தவன் மரம் கவிழ்ந்தால் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிற ஜனம்.

5

அந்த மாதத்தில் நீரோட்டம் வடக்கே இழுக்கும். மறுநாள் காலை சாந்தோமையும் தாண்டி, மெரினா மணலில் கிடந்தார். தாடி முகத்திலேயே இருந்தது. முடிச்சு உப்புத் தண்ணீரில் இறுகிப் போயிருந்தது.

குப்பத்துக்குக் கொண்டுவந்தோம். அங்கே ஒரு பேச்சு எழுந்தது. தீர்த்தம் தெளிக்கவில்லை, கேள்விக்குப் பதில் முடியவில்லை, ஆகவே இவன் யூதனாகவே செத்தவன், கோயில் கல்லறைத் தோட்டத்தில் எப்படிப் புதைப்பது என்று. இதை எழுதும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் பேசினார்கள். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர்கள் பேசினார்கள்.

அம்மா மீன் அறுக்கிற கத்தியால் தாடியின் கயிற்றை அறுத்து எடுத்தாள். கையில் அந்த நாரை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். “கடலு முச்சூடும் குளிச்சிட்டு வந்துகீது. இன்னும் எங்கடா கழுவணும்?” என்று கேட்டாள். பட்டணத்திலிருந்து பாதிரிச் சாமியார் வந்து, ஒன்றும் கேட்காமல் தீர்த்தம் தெளித்து அடக்கம் செய்தார். கரையில் யார் யார் நின்றார்கள் என்பதையும் கேட்கவில்லை.

அடுத்த மாதமே கோயில் பங்கைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். நைனா கேட்டது ஒரே ஒரு மாதம்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இன்னும் குப்பத்தில்தான் இருந்திருப்பேன். அடுத்த தபசு காலம் தொடங்கியதும் நாட்டார் எங்கள் குடிசைக்கு வந்தார். நல்ல விதமாகத்தான் பேசினார். “உன் நைனா எடம் உனக்குத்தான் அந்தோணி. வேஷத்த வேற எவனுக்காவது குடுத்தா உனக்கு மருவாதி இல்ல பாரு” என்றார். அவர் இதை எனக்குச் செய்கிற உபகாரமாக நினைத்தார் என்று சத்தியம் செய்வேன். அன்று சாயங்காலமே அம்மா பாத்திரங்களைக் கூடையில் அடுக்கிவிட்டாள்.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்து வீட்டுமனை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இன்று தியாகராய நகர் என்று மாடி வீடுகளாக நிற்கிறதே, அங்கே மண் சுமக்கப் போனோம். முதல் நாளே பக்கத்துக் குடிசைக்காரி, “நீங்க இன்னா ஆளுங்க?” என்றாள். அம்மா மண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். வீடு கட்டுகிற மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் மேற்பார்வைக்கு வருவார். மேஸ்திரியிடம், “இவாளெல்லாம் கிணத்தண்ட வரப்படாது, சொல்லி வை” என்பார். நாங்கள் தோண்டிய கிணறு. எங்களோடு மண் சுமந்தவர்களோ தங்களுக்கும் கீழான சாதி என்று இன்னும் சிலரைத் தங்கள் பானைக்குப் பக்கத்தில் விட மாட்டார்கள். அங்கே ஒருவருக்கும் தாடி கட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அம்மா அங்கேயே காய்ச்சலில் போனாள். நான் துறைமுகத்துக்குப் போனேன்.

சிநேகிதரே, யூதர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டீர்கள். என் நைனா என்ன செய்தார் என்று சொல்லிவிட்டேன்.

6

என் மனைவி நோராவின் தம்பி மைக்கேல் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவான். நல்ல பையன், என் மீன் குழம்பை மூக்கில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிடுவான். கப்பல் துறையில் காலையில் வாசலில் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி கை காட்டுகிறவனுக்கு மட்டும் அன்றைக்கு வேலை. மைக்கேலை ஒரு வருஷமாகக் கை காட்டவில்லை. மேஸ்திரியைத் திட்ட முடியாது, நாளைக்கும் அவன் முன்னால்தான் நிற்க வேண்டும். போன கோடையிலிருந்து மைக்கேல், யூதர்களை விரட்ட வேண்டும் என்கிற கட்சிக்காரர்களின் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்தக் கூட்டத்தோடு ஊர்வலம் போகிறான். வேலையெல்லாம் யூதன் பறித்துக்கொண்டானாம். யூதன் எந்தக் காலத்தில் கப்பலில் மூட்டை தூக்கினான் என்று கேட்டேன். “உனக்குப் புரியாது அந்தோணி. உன்னைச் சொல்லவில்லை, நீ நம் ஆள்” என்று தோளில் தட்டினான். அந்தத் தட்டலை எனக்குத் தெரியும். கடலில் முழுகி எழுந்த அந்த மூன்று பையன்களுக்குக் கிடைத்தது அது.

பள்ளிக்கூடம் பாதி, மாமன் பாதி. ரோசிக்கு இரண்டும் சேர்ந்துதான் ஊறியிருக்கிறது. அவளும் ஒருநாள் அந்த வரிசையில் போய் நின்றுவிடுவாளோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. உட்கார வைத்துத் தாத்தாவின் கதையை முழுவதும் சொன்னேன். என் இங்கிலீஷில் அதைச் சொல்வதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே. அவள் கண் கொட்டாமல் கேட்டாள்.

“அவங்க ஏன் தாத்தாவை வெளியே விடல?”

“மீன் இல்லை” என்றேன்.

அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. பொம்மையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறும் தூக்கு வரவில்லை. ஐசக்கின் மனைவி எள்ளு மிட்டாயைக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தாள், “பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டுக்கொண்டே. நான் ஆமாம் என்றேன். கடைச் சுவரில் யூதர்களைத் திட்டிச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்ததை ஐசக் வாளியும் துணியுமாக அழித்துக்கொண்டிருந்தார்.

நேற்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ரோசி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரும்பினாள். முகத்தில் கறுப்புக் கம்பளி நூலில் செய்த தாடி.

கன்னியாஸ்திரிகள் நடத்துகிற அவள் பள்ளிக்கூடத்தில் பெரிய வெள்ளிக்கு நாடகம் போடுகிறார்களாம். மாதாவாக ஒரு பெண், சம்மனசுகளாக, அதாவது தேவதூதர்களாக, பத்துப் பெண்கள். “சிலுவையில் அறை” என்று முதலில் கத்துகிற யூதன் வேஷம் இவளுக்கு.

“உன்னை ஏன் போட்டாங்க?”

“எனக்கு முகத்துக்கு மை பூச வேண்டியதில்லையாம். சிஸ்டர் சொன்னாங்க.” கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: “இப்பவே எல்லாரும் அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க.”

நான் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். நோரா வாசலை மறித்துக்கொண்டாள். “சண்டைக்குப் போகாதே, அந்தோணி. அவளுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடைக்காது. குழந்தைகள் விளையாட்டுதானே” என்றாள். அவள் நல்லவள். என் தாய்மாமனும் நல்லவர்தான்.

வாசலில் நின்றபடி நான் நோராவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து ரோசி கையைப் பிடித்து இழுத்தாள். தாடி அவிழவில்லை, முடிச்சு விழுந்துவிட்டது என்றாள். அவளைத் திருப்பி நிறுத்திக் காதுக்குப் பின்னால் முடிச்சைத் தேடினேன். கம்பளி நூல் கூந்தலோடு சிக்கியிருந்தது.

“நைனா” என்றாள். “நாடகம் முடிஞ்சதும் நான் எங்கே போய்க் குளிக்கணும்? இங்கே கடல் இல்லையே.”

நோரா இன்னும் வாசலில்தான் நின்றாள். கத்தரிக்கோலை எடுத்துவரச் சொன்னேன்.